தோளுக்கேற்ற சன்னம்

இராஜரட்ணத்தின் வலது காறையெலும்பில் ஒரு தகடும் ஆறு ஆணிகளும் இருந்தன. தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசி மாதம், மார்க்கம் வீதி பஸ் தரிப்பில், உறைபனியில் சறுக்கி விழுந்து தேடிக்கொண்டவை அவை. சண்டைக்குள் ஒரு கீறல்கூடப் படாமல் தப்பி வந்த மனுசன், கையில் பாண் பையோடு பஸ்ஸுக்கு ஓடி எலும்பை முறித்துக்கொண்டார் என்று மனைவி கமலாம்பிகை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து அதே மனுசன் அதே தோளில் துவக்கை வைத்து, குதிரையளவு மான் ஒன்றைச் சுடப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அவளிடம் சொல்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. விசர்ப் பைத்தியத்துக்கு மருந்தில்லை என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்த மானுக்கு இங்கே எல்க் என்று பெயர். அவர் வேலை செய்த ஸ்காபரோ இரும்புப் பட்டறையில், பக்கத்து மெஷினில் நின்ற ஒலாவி என்ற பின்லாந்துக் கிழவர் தன் லொக்கர் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தார். மலையடிவாரம், கொஞ்சம் பனி, நடுவில் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு மிருகம். இராஜரட்ணம் சாப்பாட்டுப் பெட்டியோடு அதன் முன்னால் அசையாமல் நின்றார். அவர் ஊரில் சுட்ட மரை மானின் தமையன் அது. அல்பேட்டாவில் தன் மருமகன் இருப்பதாகவும், அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டு வந்தால் அவன் காட்டுக்குள் கூட்டிப்போவான் என்றும் ஒலாவி சொன்னார். சொன்ன நாளிலிருந்து இவருக்கு வேறு நினைப்பில்லை.

மிருகத்தின் மேலிருந்த ஆசை பாதிதான். மீதிப் பாதிக்குப் பெயர் மஸூர்.

வன்னியில், முத்தையன்கட்டில் நீர்ப்பாசன ஓவசியராக இருந்த காலத்தில் இராஜரட்ணத்திடம் லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. மஸூர் நீராவிப்பிட்டியில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். இருவரும் பதினொரு வருடம் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். இராஜரட்ணம் வெடி வைப்பார். பக்கத்தில் குந்தியிருக்கும் மஸூர் கத்தியோடு பாய்வார். முப்பது அடி தூரம்தான். மிருகத்துக்கு உயிர் இருக்கும்போதே இறைவன் பெயரைச் சொல்லி அறுத்துவிடுவார். அப்படி அறுத்தால்தான் அது அவர் வீட்டுக்கு ஆகும். பிறகு ஒரே மிருகம் இரண்டு வீட்டுச் சட்டியிலும் கொதிக்கும். இராஜரட்ணம் எண்பத்தெட்டில் கனடா வந்தார். தொண்ணூறு ஐப்பசியில், துவக்கோடு வந்தவர்கள் மஸூரின் ஆட்களான முஸ்லிம் சனம் அத்தனை பேரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னார்கள். அதன்பின் கடிதம் இல்லை. மூன்று வருடம் கழித்து, வோபர்னில் புதிதாகத் திறந்த ஹலால் கடையொன்றில் ஆட்டுத் துடை வாங்கப் போனபோது, வெட்டுப் பலகைக்குப் பின்னால் மஸூர் நின்றார். அன்றைக்கு அந்தக் கடையில் இரண்டு கிழட்டு மனிதர்கள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து, வரிசையில் நின்ற சனம் காத்து நின்றது.

ஆக, இராஜரட்ணத்துக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். சாவதற்கு முன் இன்னொரு தடவை ஒரே மிருகம் இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். விசயத்தைச் சொன்னபோது மஸூர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவரும் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். துணைக்கென்று வந்த மஸூர் தொண்ணூற்றாறு புள்ளி எடுத்தார், இராஜரட்ணம் எண்பத்தொன்று. அந்தப் புள்ளிக் கதையை அடுத்த பத்து வருடத்துக்கு மஸூரின் மனைவி ஆஸியா உம்மா விடவேயில்லை.

பிறகுதான் தோள் குறுக்கே வந்தது. துவக்குக் கடைக்காரன், எல்க் என்றால் பெரிய மேக்னம் ரவைதான் என்று அடித்துச் சொன்னான். பட்டறையிலும் ஆளுக்கொரு சாத்திரம் சொன்னார்கள், எல்லாச் சாத்திரமும் பெரிசு பெரிசு என்றே முடிந்தது. நம்மவருக்கும் பெரிசு என்றால் பிடிக்கும், கலியாண மண்டபத்திலிருந்து சோபா வரைக்கும். ஒரு சனிக்கிழமை, நியூமார்க்கெட் தாண்டி இருந்த சுடும் திடலில், யாரோ ஒருவனின் மேக்னம் துவக்கை வாங்கி இராஜரட்ணம் ஒரு வெடி வைத்தார். துவக்கு கழுதைபோல உதைத்தது. தோளுக்குள் ஆறு ஆணிகளும் தனித்தனியாகத் தங்கள் பெயரைச் சொல்லின. நான்கு நாள் மெஷின் கைப்பிடியைத் தூக்க முடியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அடுத்த துவக்கை எடுத்தபோது, விசையை இழுக்கும் முன்பே அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

கண்ணை மூடிச் சுடுகிறவன் காட்டுக்குப் போகக் கூடாது. குறி தவறிக் காயம்பட்ட மிருகம் இரண்டு நாள் அலைந்து சாகும். அந்தப் பாவத்தைச் சுமக்க அவர் தயாரில்லை. உதை குறைந்த சன்னம் ஒன்று, துவக்குக் குண்டு ஒன்று, வேண்டும், ஆனால் அது முந்நூறு கிலோ மிருகத்தைப் படுக்கவைக்கவும் வேண்டும். அந்த வசந்தம் முழுக்க அவர் சீடர்பிறே நூலகத்தில் உட்கார்ந்து, துவக்குப் புத்தகங்களில் இருந்த அட்டவணைகளைக் கொப்பியில் எழுதினார். சன்னத்தின் எடை எத்தனை கிறெயின், வேகம் எவ்வளவு, தோளுக்கு வரும் உதை எவ்வளவு. பிள்ளைகளின் சோதனைக்குக்கூட அவர் இவ்வளவு படித்துக் கொடுத்ததில்லை என்று கமலாம்பிகை சொன்னாள், அது உண்மையும்தான்.

கொப்பியோடு மஸூரின் கடைக்குப் போய், வெட்டுப் பலகையில் சாய்ந்துகொண்டு வாதாடுவார். எடை குறைந்த சன்னத்தை வேகமாக அனுப்பினால் உதை குறையும் என்பது அவர் கணக்கு. மஸூருக்குத் துவக்கு தெரியாது, எலும்பு தெரியும். இறைச்சி சுற்றும் கடதாசியில் மிருகத்தின் முன்பக்கத்தை வரைந்து, தோலுக்குக் கீழே சதை இவ்வளவு, விலா இந்தத் தடிப்பு, இதற்குப் பின்னால்தான் ஈரல்குலை என்று காட்டினார். வேகமாக வரும் சின்னச் சாமான் முதல் எலும்பிலேயே உடைந்து சிதறிவிடும், உள்ளே போய்ச் சேராது என்றார். கட்டி மண்ணுக்குள் கல்லை எறிந்தால் இறங்காது, அலவாங்குக் கம்பியை மெதுவாகக் குத்தினால் இறங்கும் அல்லவா என்று கேட்டார். இராஜரட்ணம் கொப்பியில் இரண்டு பக்கத்தை வெட்டினார்.

மஸூர் சொன்ன அலவாங்கு ஒலாவியிடம் இருந்தது. பின்லாந்திலிருந்து கொண்டுவந்த பழைய ஆறரை மில்லிமீற்றர் துவக்கு. அதற்குச் சன்னம் ஒல்லி, நீளம், மூக்கு மொட்டை, எடை நூற்றறுபது கிறெயின், அதாவது பத்துக் கிராமும் சொச்சமும். மெதுவாகப் போகும், நேராகப் போகும், நிற்காமல் உள்ளே போகும். உதை, சந்தையில் யாரோ தோளில் இடித்துவிட்டுப் போவது போலத்தான். நூற்றைம்பது யாருக்கு, நானூற்றைம்பது அடிக்கு, மேலே சுடாதே, அதற்குள் என்றால் இது போதும், என் மாமியார் எண்பது வயது வரைக்கும் இதால்தான் சுட்டாள் என்றார் ஒலாவி. மாமியார் துவக்கு என்ற பெயர் அன்றைக்கே வைத்தாயிற்று. இராஜரட்ணம் அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சன்னம் பூட்டிய தோட்டா ரொறன்ரோக் கடைகளில் லேசில் கிடைக்காது. ஆகவே சனிக்கிழமைகளில் டொன் மில்ஸில் ஒலாவியின் வீட்டு நிலக்கீழ் அறையில் மூன்று பேரும் கூடித் தோட்டா கட்டினார்கள். ஒலாவி பித்தளைக் கோதைச் சரிபார்ப்பார். இராஜரட்ணம் சன்னத்தைப் பூட்டுவார். வெடிமருந்து நிறுப்பது மஸூர், ஏனென்றால் தராசுக்கு முன்னால் அவருடைய கை நடுங்கியதில்லை. மேலே ஒலாவியின் மனைவி ஏலக்காய் போட்ட பாண் சுடும் வாசனை வரும். வானொலியில் யாரோ ஹொக்கி விளையாட்டு சொல்லிக்கொண்டிருப்பான். இன்றைக்கு ஒலாவி இல்லை, அந்த வீட்டையும் இடித்துவிட்டு மூன்று மாடியில் வேறொன்று கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் இராஜரட்ணத்திடம் கனடாவில் உனக்கு எது நல்ல காலம் என்று கேட்டால், பிள்ளையின் பட்டமளிப்பைச் சொல்ல மாட்டார், யூனியன்வில்லில் வாங்கிய வீட்டைச் சொல்ல மாட்டார். தொண்ணூற்றாறாம் ஆண்டு டொன் மில்ஸ் சனிக்கிழமைகள் என்பார்.

நடுவில் ஒரு களவும் பிடிபட்டது. ஒலாவி பழகுவதற்கென்று நாற்பது தோட்டா கட்டிக் கொடுத்திருந்தார். சுட்டுமுடித்த வெறுங்கோதுகளைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் மறுபடி மருந்து போடலாம். இராஜரட்ணம் ஐந்து கோதுதான் கொண்டுவந்தார். மீதி முப்பத்தைந்து தோட்டாவும் வீட்டில் பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக இருந்தன. வன்னியில் பெர்மிற்றுக்கு வருடத்தில் விரல்விட்டு எண்ணும் தோட்டாதான் கிடைக்கும். அங்கே ஒருவன் தோட்டாவைக் கடதாசிக்குச் சுட்டால், அவனைப் பிடித்துக் கட்டி வேப்பிலை அடிப்பார்கள். சேமிக்கிற கை சும்மா இருக்குமா? ஒலாவிக்கு வந்த கோபத்தில் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் தீர்ந்துபோய், மீதியைப் பின்லாந்து மொழியில் ஏசினார். பிறகு ஆடி ஆவணி இரண்டு மாதமும் அவரைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போய் அத்தனையையும் சுடவைத்தார். இந்தச் சன்னம் நோகச் செய்யாது என்று தோள் மெல்ல மெல்ல நம்பியது. கண்கள் திறந்தே இருந்தன. ஆவணிக் கடைசியில் நூற்றைம்பது யாரில் பத்துக்கு ஒன்பது வெடி ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழுந்தது.

மஸூர் ஒவ்வொரு முறையும் கூடவே வந்தார். ஆனால் சத்தம் காதுக்கு ஒத்துவராது என்று சொல்லி, கடை வான் வண்டிக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். இராஜரட்ணம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த ஒன்பது வெடியைக் கொண்டாட மஸூர் வீட்டில் தேநீர். இராஜரட்ணம் ஓட்டை விழுந்த கடதாசியை மேசையில் விரித்து, இந்த இடத்தில் பட்டால் மிருகம் அரை நிமிசத்தில் முடிந்துவிடும், ஓடித் திரியாது, துன்பப்படாது என்று விளங்கப்படுத்தினார். ஆஸியா உம்மா வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரத்தில் நின்று சுடுவீர்கள் என்று கேட்டார். நூற்றிருபது, நூற்றைம்பது யார் என்றார் இவர். உம்மாவின் கத்தி நின்றது.

"அப்ப இவர் போய்ச் சேர முந்தி அது செத்துப்போகுமே அண்ணன். பிறகு எங்களுக்கு ஆகாதே."

மஸூர் மனைவியைப் பார்த்த பார்வையிலேயே விளங்கிவிட்டது. அவருக்கு இது முதல் நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் வகுப்புக்கு வந்திருக்கிறார், எலும்பு வரைந்து காட்டியிருக்கிறார், மருந்து நிறுத்திருக்கிறார். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் தேய்ந்த ஒரு மனுசன், பனிக்குள் நூற்றைம்பது யார் ஓடிப்போய் அரை நிமிசத்துக்குள் கத்தி வைப்பது நடக்கிற காரியமா? ஏன் சொல்லவில்லை என்று இராஜரட்ணம் கேட்டார். சந்தோசமாக இருந்தீர்கள், கெடுக்க மனம் வரவில்லை என்றார் மஸூர். இராஜரட்ணம் வட்டிலப்பத்தைத் தொடாமல் எழுந்து போனார்.

அவருக்குத் தன்மேல்தான் கோபம். மாதக்கணக்கில் கொப்பியை நிரப்பிச் சன்னம் தேடியவர், அந்த மிருகம் யாருடைய சட்டிக்குப் போக வேண்டும் என்பதை மறந்திருந்தார். மிருகத்துக்கு உயிர் கொஞ்சம் கூட நிற்கிற மாதிரிச் சுடலாமா என்று ஒரு கணம் நினைத்தார், நினைத்ததற்கே வெட்கப்பட்டார். அரை உயிரில் ஒன்றைத் துடிக்கவிடச் சன்னம் தேடுவதைவிட வீட்டில் கிடக்கலாம். ஒரு வாரம் கமலாம்பிகையோடும் பேசவில்லை. எட்டாம் நாள் விடை கிடைத்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. மஸூர் தானே பெயர் சொல்லிச் சுட்டால், மிருகம் விழுந்த இடத்தில் செத்தாலும் அது அவர்களுக்கு ஆகும். வகுப்பில் மௌலவி மகன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னது அது. அதாவது துவக்கை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு துவக்கு, ஒரு மிருகம், ஒரு வெடி. எட்டு வருடமாக அந்த ஒரு வெடிக்காகத்தான் இராஜரட்ணத்தின் விரல் காத்துக்கொண்டிருந்தது.

கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்துப் போனார்.

"மஸூர், இந்த முறை வெடி வைக்கிறது நீர்தான்."

மஸூர் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஏலாது அண்ணை. வீட்டு வாசலுக்கு வந்து போகச் சொன்னவங்களும் துவக்கோடதான் வந்தவங்கள். அதைக் கையில எடுக்க எனக்கு ஏலாது. நான் வானுக்குள்ள இருக்கிறது காதுக்காக இல்லை."

இத்தனை சனிக்கிழமை ஒருவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியே இருந்ததைப் பார்த்தும் பாராமல் விட்டது இராஜரட்ணத்தின் நெஞ்சைச் சுட்டது. வற்புறுத்தவில்லை. அப்படியென்றால் அல்பேட்டாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நான் தனியச் சாப்பிட இவ்வளவு தூரம் போக எனக்கென்ன விசரா என்றார். வீட்டுக்குப் போய்த் துவக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, துவக்கைத் திருப்பிக் கொடுப்பதற்காக டொன் மில்ஸுக்குப் போனார். அங்கே மஸூர் அவருக்கு முன்னே வந்து, தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல், மருந்தை ஆகக் குறைத்தால் எவ்வளவுக்குக் குறைக்கலாம் என்று ஒலாவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒலாவி புத்தகம் பார்த்து ஓர் அளவு சொன்னார்.

"நான் நிறுத்த மருந்துதானே அண்ணை," என்றார் மஸூர். "அவங்கட இல்லை. என்ர கையால நிறுத்தது."

கொப்பி மறுபடி திறந்தது, இப்போது மஸூரின் தோளுக்கு. குறைந்த மருந்தில் பத்து, பிறகு கொஞ்சம் கூட்டிப் பத்து, பிறகு சரியான அளவில் இருபது. முதல் நாள் அவர் வானிலிருந்து இறங்கித் திடல் வரைக்கும் நடக்கவே கால் மணித்தியாலம் பிடித்தது. பெஞ்சில் உட்கார்ந்து துவக்கைத் தோளில் வைத்தார். கைகள் நடுங்கின, தராசில் ஒருநாளும் நடுங்காத கைகள். பிஸ்மில்லாஹ் என்றார். கடதாசியைச் சுடவும் ஏன் பிரார்த்தனை என்று ஒலாவி கேட்டார், இராஜரட்ணம் அவருடைய காலை மிதித்தார். வெடி போனது. மஸூர் துவக்கில் கன்னத்தை வைத்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, இவ்வளவுதானா என்று கேட்டார். இத்தனை வருடம் தன்னை அமுக்கிக்கொண்டிருந்தது இவ்வளவு சின்னச் சாமானா என்று கேட்பதுபோல இருந்தது.

கார்த்திகையில் இரண்டு பேரும் கடை வானில் அல்பேட்டா போனார்கள். நான்கு நாள் ஓட்டம், ஒரு பிளாஸ்க், கமலாம்பிகை கட்டிக்கொடுத்த இடியப்பம், சுப்பீரியர் ஏரிக் கரையில் பழைய கதை. ஒலாவியின் மருமகன் காட்டிய பள்ளத்தில் மூன்றாம் நாள் காலை ஒரு கொம்பன் எல்க் மரக்கூட்டத்தை விட்டு வெளியே வந்தது. நூற்றிருபது யார். மஸூர் துவக்கோடு படுத்திருந்தார். இராஜரட்ணம் அவருக்கு இடப்பக்கம், ஊரில் மஸூர் இருந்த பக்கம், குந்தியிருந்தார். பொய் சொல்லக்கூடாது, அந்தக் கணத்தில் அவருக்குப் பொறாமையாக இருந்தது. வலது கைச் சுட்டுவிரல் கையுறைக்குள் தானாக மடிந்தது. பக்கத்தில் மஸூர் இறைவன் பெயரைச் சொல்வது மூச்சுக் காற்றாகக் கேட்டது. ஒரே வெடி. கொம்பன் இருபது அடி நடந்து, களைத்த ஆள் குந்துகிறதுபோல மெதுவாகப் படுத்தது. அவர்கள் ஓடவில்லை. இரண்டு கிழவர்களும் பனிக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

காட்டிறைச்சியைக் கடையில் வைக்கச் சட்டமில்லை. ஆகவே வோபர்னுக்கு வந்தபின் மஸூர் வீட்டுக் கராஜில் பிளாஸ்டிக் விரித்துப் பங்கு போட்டார்கள். கமலாம்பிகையும் ஆஸியா உம்மாவும் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மஸூர் வழக்கம்போல இரண்டு குவியலாக வெட்டினார். வன்னியில் ஒரு முறை இருந்தது: எல்லாம் சரிபாதி, ஆனால் ஒரு பின்தொடை மட்டும் பங்கில் சேராது, அது வெடி வைத்தவனுக்கு. கடைசியாக அந்தத் தொடையைத் தூக்கி, கை பழகிய பழக்கத்தில், மஸூர் இராஜரட்ணத்தின் குவியலில் வைத்தார்.

இராஜரட்ணம் அதை இடது கையால் தூக்கினார். பாரமாகத்தான் இருந்தது, வலது தோளும் சேர்ந்து நொந்தது. மற்றக் குவியலில் கொண்டுபோய் வைத்தார்.

"வெடிகாரன் நீர்," என்றார்.

மஸூர் கத்தியைக் கீழே வைத்தார். நீராவிப்பிட்டியிலிருந்து வெளிக்கிட்ட அன்று, கடை, வீடு, மாடு, தராசு, ஒன்றையும் உன்னுடையது என்று எடுத்துப்போக யாரும் விடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் உழைத்து வாங்கியிருக்கிறார், கடன்பட்டு வாங்கியிருக்கிறார், இரக்கப்பட்டவர்கள் கொடுத்தும் வாங்கியிருக்கிறார். இது உமக்குச் சேரவேண்டியது என்று ஒருவரும் எதையும் அவர் முன்னால் வைத்ததில்லை. எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளை போல விம்மி அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை. அழுது முடித்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"பெரிய சட்டியை எடு புள்ள," என்றார். "இது எங்கட பங்கு."